கேட்ட மாதிரி

காலையில் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் என்ன கேட்டார் என்பது செண்பகவல்லிக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆமாண்ணே என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ஆமாம் பொருந்தாத கேள்வியாக இருந்திருக்க வேண்டும். ஊருக்குப் போயிட்டு வந்தீங்களா என்றால் ஆமாம் சரிதான். சாப்பிட்டாச்சா என்றாலும் சரிதான். ஆனால் அவர் நெற்றி சுருங்கியது, கை ஒரு பக்கமாகக் காட்டியது, லிஃப்ட் பக்கம்தான், லிஃப்ட் ஓடவில்லை என்றாரோ, ஆனால் லிஃப்டில்தானே ஏறி வந்தாள். ஒருவேளை அது கேள்வியே இல்லையோ. யாரோ செத்துப்போன செய்தியைச் சொல்லியிருந்தால்? எதிர் கட்டடத்தில் பெருக்குகிற அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தது, அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகி, அதை அவர் சொல்லி, இவள் பல்லைக் காட்டி ஆமாண்ணே என்று... சீ. அப்படி இருக்காது. மழை வரும்போல இருக்கு என்றுதான் சொல்லியிருப்பார். மழைக்கு யாரும் நெற்றியைச் சுருக்கமாட்டார்கள். ஆபீசில் அவள் மேசைத் திரையில் சர்வர் எழுந்துகொண்டிருந்தது. கறுப்புப் பரப்பில் வெள்ளை வரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே ஏறின. அவள் அவற்றைப் படிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் ஓடும் மரங்களைப் பார்ப்பதுபோல.

வெளியூர் பஸ்களுக்கு டிக்கெட் எடுக்கும் தளம் அது. பழைய தளம் தள்ளாடிக்கொண்டிருந்ததால், எல்லாவற்றையும் ஒரு புதிய ஜாவா ஃப்ரேம்வொர்க்குக்கு மாற்றுகிறார்கள். இருக்கை காட்டும் பகுதியை ஒருவர் எழுதுவார், பணம் கட்டும் பகுதியை இன்னொருவர் எழுதுவார், பயணிக்கு மெயில் அனுப்புவதை வேறொருவர் எழுதுவார். இவற்றைக் கோத்துவிடுவது வல்லியின் வேலை. எது எதோடு சேர வேண்டும், எது முதலில் பிறக்க வேண்டும் என்று கான்ஃபிக் கோப்பில் எழுதிவைத்தால், சர்வர் எழும்போது ஃப்ரேம்வொர்க் அதைப் படித்துத் தானே ஒவ்வொன்றையும் உண்டாக்கி, தானே இணைத்துவிடும். ஒரு வரி தப்பினால் ஒன்றும் எழாது, அல்லது எழுந்தும் ஊமையாக நிற்கும். இந்த வேலையை அவள் வேண்டிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்டதற்கு அவள் சொன்ன காரணம் வேறு. உண்மையான காரணம், இதில் பேச்சு குறைவு. சர்வர் எதைச் சொன்னாலும் எழுத்தில்தான் சொல்லும். முணுமுணுக்காது, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாது, வாயில் தோசையை வைத்துக்கொண்டு பேசாது. புரியாவிட்டால் மேலே தள்ளி மறுபடி படிக்கலாம். எத்தனை தடவை படித்தாலும் அது அலுத்துக்கொள்ளாது.

இன்று அது ஊமையாக நிற்கும் நாள். கம்ப்யூட்டரில் தளம் திறக்கிறது, டிக்கெட் கிடைக்கிறது, எல்லாம் சரி. ஃபோனில் இருக்கிற செயலியைத் திறந்தால் மட்டும் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிறகு வெறும் வெள்ளை. செயலி கேட்கிற முகவரி இங்கே இல்லவே இல்லை என்கிறது சர்வர். மதியத்துக்கு மேல் பஸ் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களுடைய பயணிகளில் முக்கால்வாசிப் பேர் ஃபோனில்தான் டிக்கெட் எடுக்கிறவர்கள். காலையிலிருந்து டீம் லீட் இம்தியாஸ் மேசைக்கு மேசை நடந்துகொண்டிருந்தான். ஒருமுறை அவள் மேசையிலும் நின்று ஏதோ சொன்னான். அவனுக்குத் தாடி வளர்ந்துவிட்டது. முன்பு உதட்டைப் பார்த்து முக்கால்வாசியைப் பிடித்துவிடுவாள். இப்போது மீசையும் தாடியும் சேர்ந்து உதட்டை மூடிக்கொண்டன, அவன் பேசும்போது மயிர் அசைவது மட்டும்தான் தெரிகிறது. பார்த்துட்டிருக்கேன் என்றாள். எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது. அப்படிச் சில பதில்களை அவள் சேர்த்து வைத்திருக்கிறாள். பார்க்கலாம். அதானே. என்ன பண்றது சொல்லுங்க. சிரிப்பு. சிரிப்புதான் எல்லாவற்றிலும் நல்லது, சிரிப்புக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

சத்தம் கேட்காமல் இல்லை, அதுதான் யாருக்கும் புரியவைக்க முடியாத விஷயம். ஏசி உறுமுவது கேட்கிறது. நாற்காலி இழுபடுவது கேட்கிறது. பேச்சும் கேட்கிறது, ஆனால் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் பேசுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இருக்கும், சொல் இருக்காது. காது சோதித்த பெண் ஒரு படத்தைக் காட்டினாள், இடது பக்கம் சமமாகப் போய் வலது பக்கம் மலைச்சரிவு மாதிரி விழுகிற ஒரு கோடு. உங்களுக்கு அ, ஆ எல்லாம் கேட்கும் மேடம், ச, ட, ப, க இதெல்லாம்தான் அப்பப்ப நழுவும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். நழுவும். எங்கே நழுவும், எங்கே போய் விழும். வல்லி அப்போது சிரித்தாள், அந்தப் பெண்ணிடமும். அங்கே வாங்கின கருவியை ஒரே ஒரு நாள் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு வந்தாள், கூந்தலைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டு. அன்றைக்குக் கீபோர்டு சத்தம் ஆலங்கட்டி மழை மாதிரி விழுந்தது, யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தபோது எழுந்து ஓடலாம்போல இருந்தது, அதற்கு நடுவில் ஒருத்தர் பேச்சும் தெளியவில்லை. பழகப் பழகச் சரியாகும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். பழகுவதற்குள் யாராவது பார்த்துவிட்டால்? காதில் என்னது வல்லி என்று கேட்டுவிட்டால்? நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் இல்லை, காதும் இல்லை. கருவி குளியலறை அலமாரியில் கிடக்கிறது, சீப்புக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில்.

அக்காவிடமாவது சொல்லியிருக்க வேண்டும். அதை நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தாள், நினைப்பு தானாகப் போய் அங்கேதான் முட்டுகிறது. கோமதி அக்கா சங்கரன்கோவிலிலிருந்து கூப்பிட்டபோது வல்லி பஸ்ஸில் இருந்தாள், ஜன்னல் காற்று, கண்டக்டரின் விசில். அக்கா குரல் உடைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அக்கா சந்தோஷத்திலும் அப்படித்தான் பேசுவாள், மகள் ரஞ்சனி பத்தாவதில் நல்ல மார்க் எடுத்ததைச் சொல்லும்போதும் அழுதுகொண்டேதான் சொன்னாள். ரஞ்சனி கல்யாணம் என்பது கேட்டது. அதற்கடுத்த சொல்லின் தலை கேட்டது, வால் கேட்டது, நடுவில் ஒன்றுமில்லை. நி என்று தொடங்கிச் ச்சுட்டீ என்று முடிந்தது. நிச்சயமாச்சுட்டீ. வேறு என்னவாக இருக்க முடியும், ரெண்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம். அப்பாடா, ரொம்ப சந்தோஷம்க்கா என்று பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினாள். ஸ்வீட்டு எப்போ, சித்திக்குப் பட்டுச்சேலை உண்டுல்லா என்றாள். அந்தப் பக்கம் ஓசையில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து அவளும் ஃபோனை வைத்துவிட்டாள். பெரியப்பா மகன் ராத்திரி மெசேஜ் அனுப்பினான், ரஞ்சனி கல்யாணம் நின்னுபோச்சு, மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டார்கள் என்று. நின்னுபோச்சுட்டீ. அதைத் தனக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், மறுபடி சொல்லிப் பார்த்தாள். தலையும் வாலும் ஒன்றேதான். அதற்குப் பிறகு அக்கா கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டாலும் அத்தான்தான் எடுக்கிறார், அவ கோயிலுக்குப் போயிருக்கா என்கிறார், அல்லது அப்படித்தான் இவளுக்குக் கேட்கிறது.

வரிகள் நின்றன. சர்வர் எழுந்துவிட்டது, சிவப்பாக ஒரு பிழையும் இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. சிவப்பில் ஏதாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். வல்லி வெர்ஷன் மாற்றத்தைப் பார்த்தாள், பாதுகாப்பு அமைப்பைப் பார்த்தாள், லாகின் இல்லாமல் எந்த முகவரிக்கு வழிவிடுவது என்ற பட்டியலைப் பார்த்தாள். எல்லாம் எழுதினபடியே இருந்தன. ஹாலின் அந்தக் கோடியில் பெனடிக்டின் முதுகு தெரிந்தது. போன வாரம் ஃப்ரேம்வொர்க்கின் வெர்ஷனை உயர்த்தினது அவன்தான். இம்தியாஸ் அவன் பின்னால் நின்று திரையைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். என்ன பேசுகிறான் என்று தெரிய வேண்டியதில்லை, பெனடிக்டின் காது மடல் சிவந்திருந்தது. நல்ல பையன் என்று நினைத்தாள், பையனும் இல்லை, முப்பதைத் தாண்டிவிட்டான், சின்னக் குழந்தை இருக்கிறது. முன்பெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து வல்லிக்கா வர்றீங்களா என்பான். பிறகு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று அவள் யோசித்திருக்கிறாள், தன்னோடு சாப்பிட யாருக்குப் பிடிக்கும், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரிக்கிறவளோடு. இப்போது திடீரென்று வேறு மாதிரி தோன்றியது. அவன் கூப்பிட்டிருப்பான். பின்னாலிருந்து கூப்பிட்டிருப்பான். ஒருமுறை, இன்னொருமுறை. இவள் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள். எத்தனை பேர் இப்படி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, கூப்பிட்டு, திமிர் என்று முனகிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு உலகமே வந்து வந்து திரும்பிப் போயிருக்கிறது.

திரையின் மூலையில் குழுவின் சாட் பெட்டி துடித்தது. எல்லோருக்குமாக இம்தியாஸ் எழுதியிருந்தான். இது வரைக்கும் பார்த்ததில் மிச்சம் இருப்பது பெனடிக்ட் மாற்றின வெர்ஷன் மட்டும்தான், அதைத் திரும்பப் பழையதுக்குக் கொண்டு போகலாமா என்று பார்ப்போம், டெஸ்ட் கான்ஃபிகை வல்லி போன வாரமே எடுத்துட்டாங்க, அதனால அது காரணமா இருக்க முடியாது. வல்லி படித்தாள். அடுத்ததைப் படிக்கப்போய், திரும்பி வந்து மறுபடி படித்தாள். டெஸ்ட். சோதனைக்காக மட்டும் போட்டுவைத்த அந்த டெஸ்ட் கான்ஃபிகை அவள் எடுக்கவில்லை. அவள் எடுத்தது ரெஸ்ட் கான்ஃபிக். ஃபோன் செயலி சர்வரோடு பேசுகிற வழிக்குத்தான் ரெஸ்ட் என்று பெயர், அந்த வழியை மொத்தமாக அவள்தான் கழற்றி வைத்தாள், இம்தியாஸ் சொன்னதால், போன வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவன் சொன்னதால். வல்லி, ரிலீஸ்ல அது வேணாம், ரெஸ்ட் கான்ஃபிக் எல்லாம் எடுத்துடுங்க. அப்படித்தான் சொன்னான். அவள் காதில் அப்படித்தான் விழுந்தது. அப்போதே ஏதோ உறுத்தியது, அது இல்லாமல் செயலி எப்படி ஓடும் என்று. கேட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் ஏற்கெனவே திரும்பச் சொல்லுங்க, திரும்பச் சொல்லுங்க என்று கேட்டாகிவிட்டது, யாரோ பேனாவை மேசையில் போட்டார்கள், அந்தப் பேனா உருள்வதை எல்லோரும் பார்த்தார்கள். அதனால் செயலியை வேறு சர்வருக்கு மாற்றப்போகிறார்கள் போலிருக்கிறது என்று அவளே ஒரு காரணத்தைச் செய்துகொண்டாள். அதையே நம்பிவிட்டதால்தான் காலையிலிருந்து அந்தப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. அக்காவின் ஃபோனில் செய்ததும் இதுதான். நடுவில் விழுந்த பள்ளத்தைத் தன் கையில் இருந்ததைப் போட்டு மூடிவிட்டு அதன்மேல் நடந்துபோவது.

கை தானாகக் கான்ஃபிக் கோப்பின் பழைய பதிவுகளைத் திறந்தது. கழற்றின வரிகள் அப்படியே இருந்தன, பத்திரமாக, அவள் பெயரோடு. திரும்பப் போடுவது ஒரு காரியமே இல்லை. போட்டுவிட்டு, டெஸ்ட்டை எடுத்துவிட்டு, சர்வரை எழுப்பினால் செயலி பேசிவிடும். என்னமோ சரி பண்ணேன், இப்ப பாருங்க என்று சொல்லலாம். வெர்ஷன் மாத்தினதுல கொஞ்சம் இடிச்சது என்றால் அதையும் நம்புவார்கள், எல்லோரும் அதைத்தான் நம்பக் காத்திருக்கிறார்கள். எந்த வரியை யார் கழற்றினார்கள் என்பது பதிவில் இருக்கும்தான், ஆனால் ஓட ஆரம்பித்துவிட்டதை யார் தோண்டப்போகிறார்கள். பெனடிக்டுக்கு என்ன, ரெண்டு நாள் முகம் தொங்கும், மறந்துவிடுவான். மறந்துவிடுவானா? இந்த வருஷ அப்ரைசலில் அது எழுதப்படும். அவன் காது மடல் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? மெதுவாக அவளைக் கூட்டங்களுக்குக் கூப்பிடாமல் விடுவார்கள். பாவம் என்பார்கள். பேசும்போது அவளைத் தாண்டி இன்னொருத்தரைப் பார்த்துப் பேசுவார்கள். பிறகு ஒருநாள் எச்ஆர் பெண் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவாள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு சொல் நழுவும். இன்னொரு பள்ளம். அடுத்தது பணம் கட்டுகிற பகுதியாக இருக்கும். அல்லது அக்கா வீட்டில் யாராவது செத்திருப்பார்கள், இவள் ஸ்வீட் கேட்பாள்.

எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஹாலின் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். செருப்பு தேய்கிற சத்தம் மற்றவர்களுக்குக் கேட்குமா என்று ஒரு யோசனை குறுக்கே வந்தது. பெனடிக்டின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இம்தியாஸ், வெர்ஷனைத் தொடாதீங்க. அது இல்ல. நான்தான்." இம்தியாஸ் திரும்பினான். தாடி அசைந்தது. "ரெஸ்ட் கான்ஃபிகை நான்தான் எடுத்தேன். டெஸ்ட் இன்னும் உள்ளதான் இருக்கு. நீங்க டெஸ்ட்னு சொன்னது எனக்கு ரெஸ்ட்னு கேட்டுச்சு." மறுபடி தாடி அசைந்தது, இந்த முறை நீளமாக, கையும் சேர்ந்து விரிந்தது. பெனடிக்ட் ஒருமுறை அவனையும் ஒருமுறை இவளையும் பார்த்தான். சிரிப்பு வல்லியின் உதட்டு ஓரத்துக்கு வந்துவிட்டது, பழக்கத்தில். அதை விழுங்கினாள். "நீங்க இப்ப என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியல. உங்க தாடிக்குள்ள எனக்கு ஒண்ணும் புரியல. எனக்குக் காது கேக்காது இம்தியாஸ். மொத்தமா கேக்காமப் போகல, பாதி கேக்கும். மிச்சத்தை நானா போட்டுக்குவேன்."

அவன் முகத்தில் கோபம்தான் முதலில் இருந்தது, அதை அவள் பார்த்தாள், பிறகு அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியாமல்போனதையும் பார்த்தாள். குனிந்து, வாயை அகலத் திறந்து, சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே வல்லி!" கத்திவிட்டான் போலிருக்கிறது. ஹாலில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. கண்ணாடி அறைக்குள் இருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அவள் இவ்வளவு நாள் சிரித்துச் சிரித்து மூடினது ஒரே நொடியில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. முகம் கொதித்தது. ஆனால் அந்த வாக்கியம் அவளுக்குக் கேட்டது. ஒரு எழுத்து விடாமல் கேட்டது. "சொல்லியிருக்கணும்" என்றாள். "சொல்ல முடியல." இம்தியாஸ் தாடியைத் தடவிக்கொண்டான். பிறகு, இன்னும் பெரிய குரலில், "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான். "போட்டுட்டு ஒரு தடவை எழுப்பணும். அவ்வளவுதான்." அவன் பெனடிக்டின் தோளைத் தட்டிவிட்டு ஏதோ சொன்னான், அது அவர்கள் இருவருக்கும் உள்ளது, வல்லி அதைப் பிடிக்க முயலவில்லை. தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். வழியில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவரவர் திரையைக் கவனமாகப் பார்த்தார்கள். இப்படித்தான் இனிமேல் இருக்குமோ. இருந்தால் இருக்கட்டும் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது, சொல்ல வரவில்லை.

வரிகளைத் திரும்பப் போட்டாள். டெஸ்ட்டை எடுத்தாள். எடுத்த பிறகு முதல் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துச் சரிபார்த்தாள், திரையில் விரல்ரேகை விழுந்தது. சர்வரை நிறுத்தி, மறுபடி எழுப்பினாள். வெள்ளை வரிகள் ஏறத் தொடங்கின. அது எழுகிற நேரத்தில் ஃபோனை எடுத்து அக்காவின் பெயரைத் திறந்தாள். அக்கா, அன்னைக்கு நீ சொன்னது எனக்கு, என்று அடித்தாள். அதற்கு மேல் போகவில்லை. அழித்தாள். இம்தியாஸிடம் சொன்னதெல்லாம் ஒரு பெரிய விஷயமா, அவன் யாரோ. அக்கா நம்ப மாட்டாள், சாக்கு என்பாள், அல்லது நம்பிவிட்டு அழுவாள், அந்த அழுகையில் ஒரு சொல்கூட இவளுக்குப் பிடிபடாது. ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். சங்கரன்கோவிலில் இப்போது வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ரஞ்சனி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அவளிடம் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், அவளும் கேட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருப்பாளாக இருக்கும்.

வரிகளுக்கு நடுவில் செயலியின் முகவரிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. டிக்கெட் தேட. இருக்கை பார்க்க. ரத்து செய்ய. வல்லி கண்ணெடுக்காமல் படித்தாள். அந்தக் கோடியில் ஒரு கூட்டம் ஃபோனைச் சுற்றிக் குனிந்து நின்றது. பிறகு கைகள் தட்டுவது தெரிந்தது, முதலில் தெரிந்தது, அதற்குப் பிறகுதான் லேசாகக் கேட்டது. ஓடுகிறது. இம்தியாஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், பெரிதாக, குழந்தைக்குக் காட்டுவதுபோல. அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பதிலுக்குத் தலையசைத்தாள். பெனடிக்ட் தன் நாற்காலியைச் சுழற்றி அவள் பக்கம் திரும்பினான். அங்கிருந்தே ஏதோ சொன்னான். வாய் அசைந்தது, புருவம் உயர்ந்தது. நன்றி சொல்கிறானா, திட்டுகிறானா, இவ்வளவு தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவன் காது மடலில் சிவப்பு இறங்கியிருந்தது. பார்க்கலாம், அதானே, என்ன பண்றது சொல்லுங்க, எல்லாம் அவள் நாக்கில் வரிசையாக வந்து நின்றன. "கேக்கல பெனடிக்ட்" என்றாள். எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. பெனடிக்ட் மறுபடி வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து அவளை நோக்கி நடந்து வந்தான்.